வாளியும் வெப்பமானியும்: பூமி சூடேறுகிறது என்பது எப்படித் தெரியும்?

(திருகோணமலை மாவட்டத்தின் கப்பல்துறை ஊரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறிவியலில் நிலைபெற்ற ஒரு செய்தியை ஊர் மக்கள் முன்னால் அவர்களுடைய மொழியில் எடுத்துவைக்க வேண்டும் என்பதே எனக்கு இடப்பட்ட பணி. பூமி சூடேறுகிறது என்பதை இன்று பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லும். எப்படித் தெரியும் என்று திருப்பிக் கேட்டால் பெரியவர்களும் தடுமாறுகிறோம். "விஞ்ஞானிகள் சொல்கிறார்கள்" என்று விடையளித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்த விடை எனக்குப் போதாது, உங்களுக்கும் போதக்கூடாது. ஆகவே இன்று சொன்னவர்களின் பெயர்களைவிட, அவர்கள் எதை அளந்தார்கள், எந்தக் கருவியால் அளந்தார்கள், அளந்ததில் நேர்ந்த பிழையை எப்படிப் பிடித்தார்கள் என்பதற்கே கூடுதல் நேரம் ஒதுக்கப்போகிறேன்.

திருகோணமலை மாவட்டத்தில் இதைப் பேசுவது மிகவும் பொருத்தம். உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று நம்முடையது. கடற்படைகள் இங்கே வந்து தங்கின. கப்பல் வந்த இடமெல்லாம் காற்றையும் கடலையும் அளந்து குறிப்பேட்டில் எழுதும் வழக்கமும் கூடவே வந்தது. பூமியின் வெப்பநிலை வரலாற்றைத் தாங்கி நிற்பது அந்தக் குறிப்பேடுகள்தான். அந்த வரலாற்றில் ஒரு பெரிய குழப்பமும் அந்தக் குறிப்பேடுகளால்தான் நேர்ந்தது. அதைச் சற்று விரிவாகச் சொல்வேன்.

1. எது சான்று ஆகாது

முதலில் எதைச் சான்றாகக் கொள்ளக்கூடாது என்று தெளிவாக்கிவிடுகிறேன்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம் ஊரில் வெயில் 35 பாகையைத் தாண்டுவது புதிதன்று. நம் பாட்டன்மாரும் அந்த வெக்கையில் வெந்தவர்கள்தான். புயலும் அப்படியே. 1964 டிசெம்பர் 22 அன்று திருகோணமலைப் பக்கமாக வந்து தாக்கிய புயல், அன்றிரவே பாக்கு நீரிணையைக் கடந்து தனுஷ்கோடியை அழித்தது. அன்று பூமியின் சராசரி வெப்பநிலை இன்றைய அளவுக்கு ஏறியிருக்கவில்லை. 2020 டிசெம்பர் 2 அன்று திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையே கரையேறிய புரெவி, நாம் அஞ்சிய அளவு சேதம் செய்யாமல் கடந்துபோனது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டிட்வா நாடெங்கும் நூற்றுக்கணக்கான உயிர்களைப் பறித்தது. மகாவலி பெருக்கெடுத்து மூதூர்ப் பகுதியைச் சூழ்ந்தது. உறவையும் உடைமையையும் பறிகொடுத்தவர்களிடம் அந்த வெள்ளத்தை வெறும் எண்ணாகக் காட்டுவது முறையாகாது. ஆனாலும் ஒரு புயலைக் காட்டி "பார், பூமி சூடேறிவிட்டது" என்று சொல்வது தவறு. சொன்னால், அடுத்த ஆண்டு மாரி அமைதியாகப் போகும்போது எதிர்த்தரப்பார் "பார், ஒன்றும் இல்லை" என்பார்கள். இரண்டு வாதமும் ஒரே அளவு பலவீனமானவை.

இன்றைய வெயிலும் நாளைய மழையும் வானிலை. அவற்றின் நீண்டகாலச் சராசரி காலநிலை. அந்தச் சராசரிக்கு 30 ஆண்டு என்று ஓர் அளவை உலக வளிமண்டலவியல் அமைப்பு வைத்திருக்கிறது. நம் கேள்விக்கு விடை அந்த நீண்ட பதிவுகளில் இருக்கிறது. ஆகவே சான்றைத் தேடுகிறவர் முதலில் போகவேண்டிய இடம் பதிவேடு.

2. வெள்ளைப் பெட்டியின் சாட்சியம்

வானிலை நிலையம் எதற்குப் போனாலும் புல்தரையில் கால்கள் ஊன்றி நிற்கும் ஒரு வெள்ளை மரப்பெட்டியைக் காணலாம். 1864 இல் தோமஸ் ஸ்டீவன்சன் என்ற ஸ்கொட்லாந்துப் பொறியியலாளர் வடிவமைத்தது. பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அதன் ஒவ்வொரு பாகத்துக்கும் காரணம் இருக்கிறது. வெயிலை உறிஞ்சாதிருக்க வெள்ளை வர்ணம். காற்று நுழைய வேண்டும், வெயில் நுழையக்கூடாது என்பதற்காக நான்கு பக்கமும் சாய்வாகப் பொருத்திய பலகைகள். கதவைத் திறக்கும்போது சூரிய ஒளி வெப்பமானியின் மேல் விழாதிருக்க, நம் அரைக்கோளத்தில் கதவு வடக்குப் பார்த்திருக்கும். தரையின் சூடு தாக்காதிருக்க வெப்பமானிகள் ஏறத்தாழ ஒன்றேகால் மீற்றர் உயரத்தில் இருக்கும்.

உள்ளே அன்றைய உச்ச வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வெப்பமானி ஒன்று. அதன் குழாயில் ஒரு குறுகல் உண்டு. ஏறிய இரசம் தானாக இறங்கமுடியாது. இரவின் ஆகக் குறைந்த வெப்பத்தைக் காட்டும் வெப்பமானி இன்னொன்று. அதன் மதுசாரத்துக்குள் ஒரு சிறு ஊசி இருக்கும். மதுசாரம் சுருங்கும்போது ஊசியைக் கீழே இழுத்து வரும், விரியும்போது அங்கேயே விட்டுவிடும். குறித்த நேரத்தில் ஒருவர் வந்து கதவைத் திறந்து, கண்ணை இரச மட்டத்துக்கு நேராக வைத்து, பத்தில் ஒரு பாகை வரை படித்து எழுதிவிட்டுப் போவார். திருவிழாவானாலும் துக்கவீடானாலும் அந்த எழுத்து நிற்கக்கூடாது. இப்போது தானியங்கிக் கருவிகள் வந்துவிட்டன. ஆனால் 19 ஆம் நூற்றாண்டிலிருந்து நம்மிடம் உள்ள நீண்ட பதிவு, இப்படிக் கண்ணால் பார்த்துக் கையால் எழுதியவர்களின் உழைப்பு.

அந்தப் பதிவுகள் என்ன சொல்கின்றன? இலங்கையின் வளிமண்டலவியல் திணைக்கள நிலையங்களின் 1961 முதல் 1990 வரையான அளவுகளை ஆராய்ந்தபோது, சராசரி வெப்பநிலை ஆண்டுக்கு 0.016 பாகை வீதம் ஏறியிருந்தது. முப்பது ஆண்டில் ஏறத்தாழ அரைப் பாகை. உலக அளவில் 1850 முதல் 1900 வரையான சராசரியோடு ஒப்பிட்டால், 2011 முதல் 2020 வரையான பத்தாண்டு 1.1 பாகை கூடுதலாக இருந்தது என்று காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு 2021 அறிக்கையில் எழுதியது. 2024 ஆம் ஆண்டு மட்டும் அந்தப் பழைய சராசரியைவிட ஏறத்தாழ 1.55 பாகை மேலே நின்றது. கருவிப் பதிவு தொடங்கியதிலிருந்து 2024 வரை பார்த்தால், மிக வெப்பமான பத்து ஆண்டுகளும் 2015 முதல் வந்தவை.

ஒன்றரைப் பாகைக்கு இவ்வளவு பேச்சா என்று சிலர் கேட்பீர்கள். விடியலுக்கும் நண்பகலுக்கும் இடையே நாம் ஏழெட்டுப் பாகையைத் தாண்டுகிறோம். ஆனால் அது ஒரு நாளில் ஏறி இறங்கும் அளவு. நான் சொல்வது கடல், மலை, துருவம், பாலைவனம் எல்லாவற்றையும் சேர்த்து, ஆண்டு முழுவதற்கும் எடுத்த சராசரி. கடைசிப் பனியூழியில் வட அமெரிக்காவின் பெரும்பகுதியும் வட ஐரோப்பாவும் கிலோமீற்றர் கணக்கில் தடித்த பனிக்கட்டியின் கீழ் கிடந்தபோதும், அந்தச் சராசரி தொழிற்புரட்சிக்கு முந்தியதைவிட ஐந்து முதல் ஏழு பாகைதான் குறைவாக இருந்தது.

நகரங்கள் வளர்ந்து, தார்வீதியும் சீமெந்துக் கட்டடமும் பெருகியதால் வெப்பமானி அதிகமாகக் காட்டுகிறது என்பது நியாயமான சந்தேகம். அமெரிக்காவின் பெர்க்லி நகரில் ரிச்சர்ட் முல்லர் என்ற இயற்பியலாளருக்கும் இதே வகைச் சந்தேகங்கள் இருந்தன. 2010 இல் அவர் ஒரு குழுவைக் கூட்டி, உலகின் தரைநிலையப் பதிவுகளைப் புதிதாகத் திரட்டி, தம் சொந்த முறையில் கணக்கிட்டார். நகர்ப்புறம் விலகிய நிலையங்களைத் தனியே எடுத்தும் பார்த்தார். ஏற்கெனவே மற்றவர்கள் சொல்லியிருந்த ஏற்றமே வந்தது. தம் சந்தேகம் தீர்ந்தது என்று 2012 இல் வெளிப்படையாக எழுதினார். சந்தேகப்படுவது குற்றமல்ல, சந்தேகத்தை அளவால் சோதிக்கும் நேர்மைதான் வேண்டும். முல்லர் அதைச் செய்தார்.

நகரச் சூட்டு வாதத்துக்கு இன்னும் எளிய விடை கடலில் இருக்கிறது. பூமியின் மேற்பரப்பில் ஏறத்தாழ 71 வீதம் கடல். அங்கே நகரம் ஏது? இனி துறைமுகத்துக்குப் போவோம்.

3. கப்பல் வாளி

கடலின் மேற்பரப்பு வெப்பநிலையை 19 ஆம் நூற்றாண்டிலிருந்து அளந்தவர்கள் மாலுமிகள். ஓடும் கப்பலின் பக்கத்தில் நின்று, கயிறு கட்டிய வாளியைக் கடலில் எறிந்து, நிறைந்ததும் இழுத்து மேல்தளத்தில் வைத்து, வெப்பமானியை அமிழ்த்தி, இரசம் நிலைக்கும்வரை காத்திருந்து, படித்து எழுதினார்கள். ஆரம்பத்தில் மரவாளி. பிறகு பாய்த்துணி வாளி வந்தது. மடித்து வைக்கலாம், பாரமில்லை.

பாய்த்துணி வாளியில் ஒரு வில்லங்கம் இருந்தது. துணி நனைந்து கசியும். காற்றடிக்கும் தளத்தில் அந்த ஈரம் ஆவியாகும். ஆவியாகும் ஈரம் உள்ளே இருக்கும் நீரின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் இதே காரணத்தால்தான். ஆகவே மாலுமி வெப்பமானியைப் பார்க்கும் நேரத்துக்குள் வாளி நீர், கடல் நீரைவிடப் பத்தில் சில பாகை குளிர்ந்திருக்கும். இயந்திரக் கப்பல்கள் பெருகியபோது வேறொரு முறை வந்தது. இயந்திரத்தைக் குளிர்விக்கக் கடலிலிருந்து உள்ளிழுக்கும் நீரின் வெப்பநிலையை, இயந்திர அறைக் குழாயிலேயே அளந்தார்கள். அங்கே இயந்திரச் சூட்டால் அளவு சற்றுக் கூடும். ஒரே கடல், ஒரே நேரம்; ஒரு கப்பல் குறைத்துக் காட்டும், இன்னொரு கப்பல் கூட்டிக் காட்டும்.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் இந்த வேறுபாடு பெருஞ்சிக்கலாயிற்று. 1942 ஏப்பிரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைக் குண்டுவீசித் தாக்கின. அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. அப்படியான காலத்தில், இரவில் விளக்கேந்தித் தளத்துக்குப் போய் வாளி எறிவது எதிரிக்கு இடங்காட்டும் வேலை. இயந்திர அறையில் அளப்பதே பாதுகாப்பு. 1944 வசந்தத்தில் பிரித்தானியாவின் இலஸ்ட்ரியஸ், அமெரிக்காவின் சரடோகா ஆகிய விமானந்தாங்கிக் கப்பல்கள் நம் துறைமுகத்திலிருந்து ஒன்றாகப் புறப்பட்டுச் சென்று, ஜப்பானியர் வசமிருந்த சபாங் துறைமுகத்தைத் தாக்கின. ஒரே துறையில் நின்ற இரு நாட்டுக் கப்பல்களுக்கும் அளக்கும் வழக்கம் வேறு. பொதுவாக அமெரிக்கக் கப்பல்கள் இயந்திர அறையில் அளந்தன. பிரித்தானியக் கப்பல்கள் பெரும்பாலும் வாளியை நம்பின. போர்க்காலத்தில் உலகக் கடல்களிலிருந்து வந்த அளவுகளில் மிகப் பெரும்பகுதி அமெரிக்கக் கப்பல்களுடையது. 1945 ஓகஸ்டில் போர் முடிந்ததும் பிரித்தானியக் கப்பல்களின் பங்கு திடீரென்று ஏறியது.

பிற்காலத்தில் இந்த அளவுகளை எல்லாம் சேர்த்துக் கோடு வரைந்தபோது, 1945 இல் உலகக் கடல்கள் சட்டென்று ஏறத்தாழ 0.3 பாகை குளிர்ந்தது போல ஒரு வீழ்ச்சி தெரிந்தது. எரிமலை வெடிப்பாலோ, பசிபிக் கடல் அவ்வப்போது சூடேறும் எல் நினோவாலோ அதை விளக்கமுடியவில்லை. 2008 இல் டேவிட் தொம்சனும் அவருடைய குழுவினரும் 'நேச்சர்' இதழில் காரணத்தை எழுதினார்கள். குளிர்ந்தது கடலல்ல, அளந்தவர்களின் விகிதாசாரம்தான் மாறியிருந்தது. வாளிக்கும் குழாய்க்கும் இடையிலான அந்த வேறுபாட்டைப் பின்னர் வந்த கணக்குகள் திருத்திக்கொண்டன.

இந்தக் கதையை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. "விஞ்ஞானிகள் பழைய எண்களை மாற்றிவிட்டார்கள், அதனால்தான் பூமி சூடேறியதுபோலத் தெரிகிறது" என்றொரு குற்றச்சாட்டு உலவுகிறது. மாற்றியது உண்மை. ஏன் மாற்றினார்கள் என்பதை இப்போது நீங்கள் அறிவீர்கள். அந்தத் திருத்தத்தின் மொத்த விளைவு எந்தப் பக்கம் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். வாளி, பழைய கடலைக் குளிராகக் காட்டியது. அதைத் திருத்தும்போது பழைய கடல் சற்று வெப்பமாகிறது. பழையது வெப்பமானால், அன்றிலிருந்து இன்றுவரையான ஏற்றம் குறையும். உலகக் கணக்கு முழுவதிலும் எல்லாத் திருத்தங்களையும் சேர்த்துப் பார்த்தால், நீண்டகால ஏற்றம் திருத்தாத எண்களில் இருப்பதைவிடக் குறைவாகவே வருகிறது. மிகைப்படுத்த நினைத்தவர்கள் இப்படித் திருத்துவார்களா?

பிழையே இல்லாத அளவு உலகில் எங்கும் இல்லை. தன் பிழையைத் தானே தேடிப் பிடித்து, எவ்வளவு என்று எழுதிவைப்பதே ஓர் அளவை நம்பத்தகுந்ததாக்குகிறது. இன்று நான் சொல்ல வந்ததில் தலையாயது இதுவே.

4. மிதவையும் முருகையும்

21 ஆம் நூற்றாண்டில் வாளியின் வேலையை மிதவைகள் எடுத்துக்கொண்டன. ஆர்கோ என்ற சர்வதேசத் திட்டத்தில், ஓர் ஆளின் உயரத்தளவு இருக்கும் உருளைக் கருவிகள் 2000 ஆம் ஆண்டளவில் கடலில் விடப்படத் தொடங்கின. இன்று ஏறத்தாழ 4,000 கருவிகள் உலகக் கடல்களில் உள்ளன. வங்காள விரிகுடாவிலும் உண்டு. ஒவ்வொன்றும் 1,000 மீற்றர் ஆழத்தில் நீரோட்டத்தோடு அலையும். பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீற்றருக்கு இறங்கி, அங்கிருந்து மேலே ஏறும்போது வழிநெடுக வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் அளக்கும். நீர்ப்பரப்பை அடைந்ததும் செய்மதிக்கு எண்களை அனுப்பிவிட்டு மீண்டும் மூழ்கும். அங்கே வாளியும் இல்லை, குழாயும் இல்லை.

வளிமண்டலத்தில் அடைபடும் மேலதிக வெப்பத்தில் ஏறத்தாழ 90 வீதம் கடலுக்குள் போகிறது என்பது இந்த ஆழ்கடல் அளவுகளிலிருந்து உறுதியாயிற்று. வெப்பமண்டல இந்து சமுத்திரத்தின் மேற்பரப்பு 1951 முதல் 2015 வரை சராசரியாக ஒரு பாகை ஏறியது என்று புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் 2020 இல் வெளியிட்ட மதிப்பீடு சொல்கிறது. உலகக் கடல்களின் சராசரி ஏற்றத்தைவிட இது கூடுதல். கடல் சூடேறினால் அதன் மேலிருக்கும் காற்றும் சூடேறும். காற்று ஒரு பாகை சூடேறினால் ஏறத்தாழ 7 வீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். ஒரு புயல் ஏன் வந்தது என்பதற்கு இது விடையாகாது. வரும் புயல் ஏன் முன்னைவிடக் கூடுதலாகக் கொட்டும் என்பதற்கு இதுவே விடை.

எண்களை நம்பாதவர்கள் நிலாவெளிக் கடலில் இறங்கிப் பார்க்கலாம். புறாமலையைச் சுற்றியுள்ள முருகைக்கற்பாறைகளைக் கண்டவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். 1963 இல் சரணாலயமாகவும் 2003 இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம். முருகை உயிரி தன் உடலுக்குள் நுண்ணிய பாசியை வைத்து வளர்க்கிறது. பாசி ஒளியைக் கொண்டு உணவு சமைத்துக் கொடுக்கிறது. முருகையின் நிறமும் பெரும்பாலும் அந்தப் பாசி தந்ததே. கோடையின் வழமையான உச்சத்தைவிட ஒரு பாகை கூடுதலான சூடு சில வாரங்கள் நீடித்தால், முருகை பாசியை வெளியேற்றிவிடும். அடியிலுள்ள வெள்ளைச் சுண்ணாம்பு எலும்பு தெரியத் தொடங்கும். சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பலாம். தணியாவிட்டால் முருகை பட்டினியால் சாகும்.

1998 இல் எல் நினோவோடு வந்த கடற்சூட்டில் ஹிக்கடுவை முதலான தென், மேற்குக் கரை முருகைகள் பெருமளவு அழிந்தன. நம் திருகோணமலைப் பாறைகள் அன்று பெரும்பாலும் தப்பின. இதையும் நான் மறைக்காமல் சொல்லவேண்டும். ஒரு கரை தப்பியதால் கடல் சூடேறவில்லை என்று ஆகாது. ஒரு கரை வெளுத்ததால் மட்டும் உலகம் சூடேறியது என்றும் ஆகாது. ஆனால் பசிபிக், அத்திலாந்திக், இந்து என்று மூன்று சமுத்திரங்களிலும் ஒரே காலத்தில் வெளுத்தால் அதை இட விசேடம் என்று தள்ளமுடியாது. அப்படியான உலகளாவிய வெளுப்பு 1998 இல் முதன்முறையாகப் பதிவானது. 2024 ஏப்பிரலில் நான்காவது அறிவிக்கப்பட்டது. இந்த உயிரிகள் வெப்பமானியைப் படித்ததில்லை, எந்த அறிக்கையிலும் கையெழுத்திட்டதில்லை. ஆனாலும் மிதவைகள் சொன்னதையே அவையும் சொல்கின்றன.

5. உயரும் கடல், கரையும் பனி

சூடேறும் நீர் விரியும். நிலத்தின் மேலிருக்கும் பனிக்கட்டி உருகினால் அந்த நீரும் கடலில் சேரும். ஆகவே பூமி சூடேறுவது உண்மையானால் கடல் மட்டம் உயர்ந்தேயாக வேண்டும். உயர்ந்திருக்கிறதா? துறைமுகங்களின் வற்றுப்பெருக்குமானிகள் விடை தருகின்றன. 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்றிமீற்றர் உயர்ந்தது. 1971 வரை ஆண்டுக்கு 1.3 மில்லிமீற்றராக இருந்த வீதம், 2006 க்கும் 2018 க்கும் இடையில் 3.7 மில்லிமீற்றராயிற்று. 1993 முதல் செய்மதிகள் ராடார் கொண்டு தனியாக அளக்கின்றன. அவையும் இதையே காட்டுகின்றன.

20 சென்றிமீற்றர் என்பது ஒரு சாண் அளவு. நம் கரையில் வற்றுப்பெருக்கின் வீச்சு ஒரு மீற்றருக்கும் குறைவு. பெரிய ஏற்ற இறக்கத்துக்குப் பழகாத தாழ்ந்த கரைக்கு ஒரு சாண் சிறிதல்ல. கொட்டியாரக் குடாவைச் சுற்றி, மூதூரிலும் கிண்ணியாவிலும், களப்போரத்தில் கிணறு வைத்திருப்பவர்களுக்கு அதை நான் விளக்கத் தேவையில்லை.

பனியையும் நிறுக்கிறார்கள். 2002 முதல் இரட்டைச் செய்மதிகள் ஈர்ப்பு விசையின் நுண்ணிய மாற்றத்தைக் கொண்டு கிறீன்லாந்தின் பனிப்படலத்தை எடைபோடுகின்றன. அது ஆண்டுக்குச் சராசரியாக 25,000 கோடி தொன்னுக்கும் மேலான பனியை இழக்கிறது.

வெப்பமானி, வாளி, மிதவை, முருகை, வற்றுப்பெருக்குமானி, செய்மதித் தராசு. இவற்றில் ஒன்றின் பிழை மற்றொன்றைத் தொற்றாது. தரைநிலையத்தின் பக்கத்தில் வீதி போட்டால் மிதவை சூடேறாது. வாளி கசிந்தால் கிறீன்லாந்து உருகாது. தனித்தனிப் பிழைகளுள்ள இத்தனை கருவிகளும் ஒரே திசையைக் காட்டும்போது, அதைத் தற்செயல் என்று சொல்வதற்கு இடமில்லை.

6. சீனன்குடாத் தாங்கிகள்

சூடேறுவது உறுதி. யாரால் என்பது அடுத்த கேள்வி. அதற்கு இங்கிருந்து சீனன்குடாவுக்குப் போனால் போதும்.

தம் போர்க்கப்பல்களுக்கு எரிபொருள் சேமிக்கப் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள், காட்டுக்குள் வரிசை வரிசையாக நிற்கின்றன. இன்று எஞ்சியிருப்பவை 99. ஒன்றில் ஏறத்தாழ 10,000 தொன் எண்ணெய் கொள்ளும். அதை எரித்தால் என்ன வரும் என்று மாணவர்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். எண்ணெயின் எடையில் ஏறத்தாழ 85 வீதம் காபன். காபனின் அணுத்திணிவு 12. இரண்டு ஒட்சிசனோடு சேரும்போது 44. ஆகவே ஒரு தொன் எண்ணெய் எரிந்தால் மூன்று தொன்னுக்கு மேற்பட்ட காபனீரொட்சைட்டு உண்டாகிறது. ஒரு தாங்கி எரிந்து தீர்ந்தால் 31,000 தொன். கண்ணுக்குத் தெரியாத வாயு என்பதால் எடையில்லாதது என்று நினைத்துவிடுகிறோம்.

இந்த வாயு வெப்பத்தைத் தடுத்து வைக்கும் என்பது புதிய செய்தியுமல்ல. 1856 இல் யூனிஸ் ஃபூட் என்ற அமெரிக்கப் பெண்மணி கண்ணாடிக் குழாய்களை வெயிலில் வைத்து, காபனீரொட்சைட்டு நிறைத்த குழாய் மற்றவற்றைவிடச் சூடாவதைக் கண்டார். 1859 இல் ஜோன் டின்டல் அது வெப்பக் கதிர்களை உறிஞ்சுவதை ஆய்வுகூடத்தில் அளந்தார். 1896 இல் சுவாந்தே அரேனியஸ், அந்த வாயு இருமடங்கானால் பூமி எவ்வளவு சூடேறும் என்று கையால் கணக்கிட்டார். 1958 இல் சார்ள்ஸ் கீலிங் ஹவாயின் மவுனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது, பத்து இலட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 315 பங்கு இருந்தது. இன்று 420 ஐத் தாண்டிவிட்டது. அந்தாட்டிக்காவில் துளைத்தெடுத்த பனித்தண்டுகளில் பழங்காலக் காற்று குமிழிகளாக அடைபட்டிருக்கிறது. அந்தக் குமிழிகளில், கடந்த 8 இலட்சம் ஆண்டுகளில் தொழிற்புரட்சிக்கு முன் அது 300 பங்கை மீறவே இல்லை.

கூடியிருக்கும் வாயு எரிமலையிலிருந்தோ கடலிலிருந்தோ வந்திருக்கலாமே? காபனே பதில் சொல்கிறது. உயிருள்ள மரத்தின் காபனில் சிறிதளவு காபன் 14 என்ற கதிரியக்கச் சமதானி இருக்கும். 5,730 ஆண்டுக்கு ஒருமுறை அது பாதியாகும். கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது துளியும் எஞ்சாது. தாவரங்களிலிருந்து தோன்றியவை என்பதால் காபன் 13 உம் அவற்றில் குறைவு. எனவே சுவட்டு எரிபொருள் எரிந்தால் வளிமண்டலத்தில் இரண்டின் விகிதமும் தாழவேண்டும். காபன் 14 இப்படி நீர்த்துப்போவதை ஹான்ஸ் சூஸ் 1955 இல் காட்டினார். காபன் 13 இன் விகிதமும் ஆண்டுதோறும் இறங்கி வருகிறது. எரிவதற்கு ஒட்சிசன் வேண்டுமல்லவா? காற்றின் ஒட்சிசனும் மிகச் சிறிய அளவில், ஆனால் அளக்கத்தக்க அளவில், குறைந்து வருகிறது. எரிமலை ஆண்டுதோறும் விடும் காபனீரொட்சைட்டு மனிதன் விடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட வராது.

சூரியன் கூடுதலாக எரிக்கிறதா? 1978 முதல் செய்மதிகள் சூரிய ஒளியின் வலிமையை அளக்கின்றன. இந்த வெப்ப ஏற்றத்துக்கு ஈடான ஏற்றம் அதில் இல்லை. தவிரவும் சூரியன் காரணமானால் வளிமண்டலம் மேலிருந்து கீழ்வரை சூடேறவேண்டும். பச்சைவீட்டு வாயு காரணமானால் கீழ்க்காற்று சூடேறும். மேலேயுள்ள படைமண்டலம் குளிரும். இந்த வேறுபாட்டைச் சியுக்குரோ மனாபே 1967 இலேயே கணித்து எழுதிவைத்தார். பின்னாளில் பலூன்களும் செய்மதிகளும் அளந்தபோது, கீழே சூடும் மேலே குளிர்வும் என்று அவர் எழுதியபடியே இருந்தது. 2021 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நடந்த பின் காரணம் கற்பிப்பது எளிது. நடக்குமுன் எழுதிவைத்து, பிறகு அளந்து சரிபார்ப்பது கடினம். அந்தக் கடினமான சோதனையில் இந்தக் கொள்கை தேறியிருக்கிறது.

7. நமக்கு உள்ள வேலை

இந்தச் சூட்டை உண்டாக்கியதில் கப்பல்துறையின் பங்கோ கந்தளாயின் பங்கோ கணக்கில் எடுக்கத் தக்கதல்ல. இலங்கை முழுவதையும் சேர்த்தாலும் உலக உமிழ்வில் அது மிகச் சிறிய துளி. ஆனால் பெரும்போகத்தில் வெள்ளமும் சிறுபோகத்தில் வரட்சியுமாக விலை கொடுப்பது இங்குள்ள விவசாயி. பூக்கும் வேளையில் வெயில் 35 பாகையைத் தாண்டினால் நெல் பதராகும். இதில் பெரிய அநியாயம் இருக்கிறது. அதைச் சர்வதேச அரங்குகளில் உரத்துச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. சொல்பவர் கையில் சான்று இருந்தால்தான் அந்தக் குரல் ஏறும். ஆகவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன்.

முதலாவது பாடசாலைகளுக்கு. ஒவ்வொரு பாடசாலையிலும் ஒரு மழைமானி, நிழலில் ஒரு வெப்பமானி, ஒரு பதிவேடு வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் ஒரு மாணவர் எழுதட்டும். விடுமுறையிலும் நிற்காதிருக்க அயல்வீட்டார் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். கருவியை இடம் மாற்றினால் அன்றைய திகதியையும் காரணத்தையும் எழுதுங்கள். அளந்த முறையைத் தெளிவாக எழுதாமல் விட்டதால் உலகம் எத்தனை ஆண்டு குழம்பியது என்பதைக் கேட்டீர்கள்.

இரண்டாவது, பழைய பதிவுகளை வைத்திருப்பவர்களுக்கு. நீர்ப்பாசன அலுவலகங்கள், குளக்கட்டு மேற்பார்வையாளர்கள், கோயில் கணக்கர்கள், விதைத்த நாளையும் மழை பெய்த நாளையும் குறித்துவைத்த கமக்காரர்கள் என்று பலரிடம் ஏடுகள் இருக்கலாம். உள்நாட்டுப் போரிலும் கடல்கோளிலும் தப்பியவை சொற்பம். 2010 இல் தொடங்கிய 'ஓல்ட் வெதர்' என்ற திட்டத்தில், முதலாம் உலகப் போர்க்காலப் பிரித்தானியக் கடற்படைக் கப்பல்களின் குறிப்பேடுகளை உலகெங்குமுள்ள சாதாரண மக்கள் வீட்டிலிருந்தபடியே கணினியில் படியெடுத்துக் கொடுத்தார்கள். அந்த எண்கள் இன்று காலநிலை ஆய்வில் பயன்படுகின்றன. நம் பிள்ளைகள் கையிலுள்ள தொலைபேசி ஒன்றே இந்த வேலைக்குப் போதும். ஏடு கறையானுக்குப் போகுமுன் படமெடுத்து வைத்துவிடலாம்.

மூன்றாவது, தீர்மானம் எடுப்பவர்களுக்கு. மதகும் வடிகாலும் கரையோர வீதியும் கட்டும்போது, பழைய மழைக் கணக்கை அப்படியே வைத்துக் கட்டாதீர்கள். அந்தக் கணக்கு பிறந்த காலநிலை இன்று இல்லை. மின்சாரத்திலும் இந்த மாவட்டம் ஒரு பெரிய தெரிவைக் கண்டது. சம்பூரில் திட்டமிட்ட 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் 2016 இல் கைவிடப்பட்டது; அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்திட்டத்துக்கு 2025 ஏப்பிரலில் அடிக்கல் நாட்டப்பட்டது. சம்பூரில் நிலம் இழந்த மக்களுக்கு நியாயம் செய்வதும், சுவட்டு எரிபொருளைக் குறைப்பதும் ஒன்றுக்கொன்று பகையாகத் தேவையில்லை. இரண்டையும் சேர்த்தே கேட்போம்.

அன்பர்களே, பூமி சூடேறுவதை நமக்கு அறிவித்தவர்கள் தீர்க்கதரிசிகள் அல்லர். குறித்த நேரத்தில் பெட்டியைத் திறந்தவர்கள், ஆடும் தளத்தில் வாளி எறிந்தவர்கள், பிறர் எண்ணையும் தம் எண்ணையும் ஒரே கண்டிப்போடு சோதித்தவர்கள். அவர்களில் பெரும்பாலோரின் பெயர் எந்த நூலிலும் இல்லை. அவர்கள் எழுதியதைச் சேர்த்துப் படித்ததால்தான் இன்று நமக்கு ஐயமின்றித் தெரிகிறது. தெரிந்த பின், தெரியாதவர்கள்போல வாழும் உரிமை நமக்கு இல்லை. இந்தச் சான்றை விளங்கிக்கொள்வதும், பிள்ளைகளுக்கு விளக்குவதும், நம் மண்ணின் அளவுகளை அதோடு சேர்ப்பதும் நம் தலைமுறையின் கடமை. அந்தக் கடமையை இந்த ஊரிலிருந்தே தொடங்கலாம் என்று உறுதியாக நம்புகிறேன்.